மாடிப்படிக்கு அடியில் ஒரு மீட்டர்

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே, கீழும் மேலுமாக இரண்டு குடித்தனம் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே ஹவுஸ் ஓனர், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். இரண்டு மாதத்தில் ஆளுக்கு 300 யூனிட் ஓடியிருக்கிறது. தனித்தனி இணைப்பு இருந்தால் மின் வாரியம் ஒவ்வொருவருக்கும் போடும் பில் 705 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,410. அதே வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரே ஒரு மீட்டர்தான் என்றால் 600 யூனிட்டுக்கு 2,880 ரூபாய். ஒரு பல்புகூடக் கூடுதலாக எரியவில்லை, ஆனால் 1,470 ரூபாய் ஏறியிருக்கிறது.

இதோடு நின்றால் பரவாயில்லை. மாடி வீட்டுக்கு ஒரு சப் மீட்டர் மாட்டியிருப்பார்கள். "யூனிட்டுக்கு எட்டு ரூபா, எல்லா எடத்துலயும் அதான் ரேட்டு" என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லியிருப்பார்கள். 300 யூனிட்டுக்கு 2,400 ரூபாய் மாடியிலிருந்து இறங்கி வரும். வாரியத்துக்குக் கட்ட வேண்டிய 2,880-இல் மீதி 480-ஐ மட்டும் ஓனர் போட்டால் போதும். ஒரே அளவு கரண்ட் செலவழித்த இரண்டு குடும்பத்தில் ஒன்றுக்கு 2,400, இன்னொன்றுக்கு 480.

நான்கு குடித்தனம் என்றால் கணக்கு இன்னும் கூத்து. வீட்டுக்கு 250 யூனிட், மொத்தம் 1,000. தனி மீட்டர் இருந்தால் வீட்டுக்கு 470 வீதம் நாலு வீட்டுக்கும் 1,880. ஒரே மீட்டரில் 6,870. வாடகைக்கு இருக்கும் மூன்று குடும்பமும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் கொடுத்தால் 7,500 வசூலாகும். ஓனர் தன் வீட்டு விளக்கையும் ஃபேனையும் ஓசியில் ஓட்டிவிட்டு, கையில் 630 ரூபாய் மிச்சமும் பார்க்கிறார். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே கிடையாது.

"போன தடவை எழுநூறு தானே அண்ணே வந்துச்சு, இப்ப எப்படி ரெண்டாயிரம்?" என்று மாடியிலிருந்து கேள்வி வரும்போது, "ஏசி போட்டா வராம என்ன பண்ணும்மா?" என்று கீழேயிருந்து பதில் வரும். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தெருவில் தினமும் நடக்கும் சண்டை இது. மின்சாரம் பிறக்கும் ஊரிலும் இதே சண்டைதான் என்பதால் நெய்வேலியை வைத்துப் பேசுவது பொருத்தம்.

உள்ளே ஒரு ஊர், வெளியே ஒரு ஊர்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ மேலே வந்ததில் தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956 நவம்பரில் என்.எல்.சி. என்ற பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிச்சத்துக்கு வந்தது. 1962-இல் சோவியத் ஒத்துழைப்போடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த 600 மெகாவாட் நிலையம் தன் காலம் முடிந்து 2020-இல் ஓய்வுபெற்றுவிட்டது. இன்று 1,470 மெகாவாட்டில் இரண்டாம் நிலையம், 420-இலும் 500-இலும் இரண்டு விரிவாக்க நிலையங்கள், 1,000 மெகாவாட்டில் புதிய நிலையம் என்று இருக்கின்றன. இங்கே பிறக்கும் மின்சாரம் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி வரைக்கும் போகிறது.

நகரியத்துக்குள் வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ். அங்கே மின்சாரம் தருவது என்.எல்.சி. நிர்வாகமே. ரீடிங் எழுதும் மின் வாரியத்தின் வெள்ளை அட்டைக்கு அங்கே வேலையில்லை. மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடக்குத்து என்று கேட்டுக்கு வெளியே வந்துவிட்டால், தமிழ்நாட்டின் எந்த ஊரையும் போல வாரியத்தின் லைன்தான். வாரியத்தின் பகிர்மான நிறுவனமான டான்ஜெட்கோ 2024-இல் பிரிந்த பிறகு அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் என்ன மாறினாலும் வீட்டில் 'ஈ.பி.' தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. அந்தக் கிலோவை வெட்டி எடுத்த சுரங்கம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிகிறது என்பதற்காக யூனிட்டுக்கு ஒரு பைசாகூடக் குறையாது. சென்னை அண்ணா நகருக்கும் வடக்குத்துக்கும் ஒரே கட்டணம்.

ஓய்வுபெறும் ஊழியர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் இருந்த ஊரை விட மனமில்லாமல் கேட்டுக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டுவார். மாடியை வாடகைக்கு விட்டால் கைச்செலவுக்கு ஆகும் என்று நினைப்பார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு மாற்று மனையில் வீடு கட்டியவர்களும் உண்டு. குடி வருபவர் யார்? குவார்ட்டர்ஸ் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளர், கடைகளில் வேலை செய்பவர், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகக் கிராமத்தை விட்டு வந்த குடும்பம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஐந்நூறு ரூபாயும் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர்கள்தான். அதனால்தான் கரண்ட் பில் தகராறு இங்கே சீக்கிரம் மனஸ்தாபமாகிவிடுகிறது.

தன் குவார்ட்டர்ஸ் காலம் முழுவதும் வாரியத்தின் ஸ்லாப் கணக்கோடு சம்பந்தமே இல்லாமல் இருந்த ஒருவர், ஓய்வுக்குப் பிறகு திடீரென்று நான்கு குடித்தனத்துக்கு மின்சாரம் பிரித்துக் கொடுப்பவராகிறார். சின்ன மின் வாரியமே நடத்துகிறார் என்றும் சொல்லலாம். கட்டண ஆணையை அவர் படித்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஐந்நூறு என்ற கோடு

குழப்பத்தின் வேர் படிநிலைக் கட்டணத்தில் இருக்கிறது. இங்கே போட்ட கணக்கெல்லாம் 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்துத்தான். 2025 ஜூலையில் ஏற்றியதை வீட்டு இணைப்புகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. அந்தக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று அது. அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201-லிருந்து 400 வரை 4.70. 401-லிருந்து 500 வரை 6.30.

மொத்தம் 500-ஐத் தாண்டினால் கதை மாறும். 101-லிருந்து 200 வரை கிடைத்த அந்த 2.35 சலுகை பறந்துவிடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 தான். மேலே போகப் போக 8.40, 9.45, 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்.

ஏழைக்குக் குறைவாக, அதிகம் செலவழிப்பவருக்கு அதிகமாக என்ற நோக்கம் சரி. ஆனால் மீட்டருக்கு ஏழை பணக்காரர் தெரியாது. அதற்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதும் தெரியாது. நாலு ஏழைக் குடும்பத்தை ஒரு மீட்டரில் கட்டிவிட்டால், வாரியத்தின் கணக்கில் அது ஒரு பணக்கார வீடு. அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவசம் வாசல் கேட்டு வரைக்கும்தான் வரும். அதைத் தாண்டி மாடிப்படி ஏறாது. இலவச மின்சாரத்துக்காக வாரியத்துக்கு அரசு மானியம் கொடுக்கிறது, அது வரிப்பணம், வாடகைக்கு இருப்பவரும் அந்த வரியைக் கட்டுகிறார். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

டெல்லியில் இதே பிரச்சினை வந்தபோது 2019 செப்டம்பரில் ஒரு வழி கண்டார்கள். வாடகைக்கு இருப்பவர் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி, 3,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டி, தன் பெயரில் ப்ரீபெய்டு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். ஓனரின் சம்மதக் கடிதம் தேவையில்லை. மானியம் நேராகக் குடித்தனக்காரருக்குப் போய்ச் சேரும். பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கே மின்சாரத்தை வாங்கி வாடகைக்காரருக்குக் கொடுக்கும் ஓனர், தான் வாங்கிய விலைக்கு மேல் ஒரு பென்னிகூட வைக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் உச்சவரம்பு போட்டிருக்கிறது. 2003-இல் வந்த நம் மின்சாரச் சட்டமும் மின்சாரத்தை வாங்கி விற்க உரிமம் வேண்டும் என்கிறது. சப் மீட்டர் வைத்து லாபம் பார்ப்பவர் அந்தக் கோட்டில்தான் நிற்கிறார். ஆனால் 'வாங்கிய விலைக்கு மேல் வைக்காதே' என்று வீட்டு ஓனரைப் பார்த்து நேராகச் சொல்லும் எளிய விதி ஒன்று இருந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

பில் ஏறியது எதனால்?

கோபப்படும் முன் காரணத்தைப் பிடிக்க வேண்டும். ஒரே மீட்டர் சங்கதி பெரியது என்றாலும், தனி மீட்டர் இருக்கும் வீட்டிலும் பில் எகிறுவது உண்டு.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் திருடன், தண்ணீர் மோட்டார். மொத்த வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் ஒயர் யாரோ ஒரு குடித்தனத்தின் மீட்டரில் சேர்ந்திருக்கும். கட்டும்போது எலக்ட்ரீஷியன் கைக்கு எட்டிய இடத்தில் கொடுத்திருப்பார். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 130 யூனிட்டைத் தாண்டும். 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு நியாயமான பில் 1,175 ரூபாய். மோட்டாரோடு 534 யூனிட் ஆகிவிட்டால் 2,325. மோட்டார் சாப்பிட்டது மூன்றில் ஒரு பங்கு கூடுதல்தான், பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெய்வேலியில் இது இன்னும் கொஞ்சம் கூர்மையான விஷயம். சுரங்கத்துக்குள் தண்ணீர் பொங்காமல் இருக்க, நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் போர் எவ்வளவு ஆழம் போக வேண்டியிருக்கிறது என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். ஆழம் கூடினால் மோட்டாரின் சக்தியும் கூட வேண்டும், கரண்டும் கூடத்தான் செலவாகும்.

மாடிப்படி விளக்கு, வாசல் விளக்கு, பக்கத்துப் போர்ஷனின் ஒரு பிளக் பாயிண்ட் என்று சின்னச் சின்னக் கள்ள ஒட்டுகளும் உண்டு. இவற்றைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் வேண்டாம். உங்கள் வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அது மினுக்கினால், மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் வேறு யாரோ கரண்ட் எடுக்கிறார்கள், அல்லது ஒயரில் கசிவு. இதை ஓனர் முன்னிலையிலேயே செய்து பார்ப்பது நல்லது. கண்ணெதிரே மினுக்கும் விளக்கோடு யாரும் வாதாட முடியாது.

ரீடிங் எடுக்க வருபவர் தள்ளி வருவதும் ஒரு காரணம். 60 நாளில் 495 யூனிட் ஓடும் வீட்டில் ஒரே ஒரு நாள் தாமதமாக ரீடிங் எடுத்தால் 503 ஆகிவிடும். 1,773 ரூபாய் பில் 2,065 ஆகும். கதவு பூட்டியிருந்து ரீடிங் எடுக்காமல் போனால், அடுத்த முறை வரும் தொகை மயக்கம் போட வைக்கும். 2020 ஊரடங்கில் இது மாநிலம் முழுக்க நடந்தது. ரீடிங் எடுக்க ஆள் வராமல், முந்தைய கணக்கை வைத்துப் பணம் வாங்கி, பிறகு நாலு மாதத்துக்குச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது எழுந்த கூச்சலில் தி.மு.க. அந்த ஜூலையில் கறுப்புக் கொடிப் போராட்டமே நடத்தியது. அடுத்த ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் மாதம் ஒருமுறை ரீடிங் என்று வாக்குறுதியும் கொடுத்தது. 2025-இலும் இரண்டு மாதக் கணக்கில்தான் பில் வந்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாரியம் சில சமயம் பில்லோடு 'கூடுதல் வைப்புத்தொகை' என்று ஒரு தொகை கேட்கும். இணைப்பின் பயன்பாடு கூடியதால் கேட்கும் காப்புத்தொகை அது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய கணக்கில் கிடக்கும், வட்டியும் அவருக்கே வரும். அதைக் கரண்ட் செலவு என்று குடித்தனக்காரர் தலையில் கட்டுவது சரியில்லை. 'ஃபிக்ஸட் சார்ஜ்' என்று யாராவது கேட்டால் அதுவும் செல்லாது. வீட்டு இணைப்புகளுக்கு நிலைக் கட்டணத்தை 2022 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டார்கள்.

ஓனர் தரப்பு

ஓனர்களை வில்லனாக்கிவிட்டுப் போவது எளிது. அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பில் கட்டாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரர் கதை எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும். பாக்கியை வாரியம் இடத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. 2023 மே மாதம் கே.சி. நினன் எதிர் கேரள மின் வாரியம் வழக்கில், பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன மின் பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடம் வசூலிக்க விதிகள் இடம் கொடுத்தால் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டின் மேல் பாக்கி ஏறும் என்ற பயத்தில்தான், வாடகைக்காரர் பெயரில் இணைப்பு என்றாலே பலர் பின்வாங்குகிறார்கள்.

இன்னொரு பயத்தைக் கிளப்பியது 2022 கட்டண ஆணை. ஒரே குடும்பம் ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று இணைப்பு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் 100 யூனிட் இலவசம் வாங்குவதைத் தடுக்க, அப்படிப்பட்ட இணைப்புகளை ஒன்றாக்கச் சொன்னது அது. தவறில்லை. ஆனால் தனி வாசல், தனிச் சமையலறை, தனியாகப் பிரித்த ஒயரிங் என்று உண்மையிலேயே தனிக் குடித்தனமாக இருக்கும் போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்பது வேறு சங்கதி. வாடகை ஒப்பந்தத்தோடு அதைக் கேட்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு 'எதுக்கு வம்பு, இருக்குற மீட்டரே போதும்' என்று இருந்துவிட்டவர்கள் பலர். புது இணைப்புக்குக் கட்டணம், வைப்புத்தொகை, ஒயரிங் செலவு வேறு. அந்தச் செலவை இருவரும் பங்கிட்டுக்கொண்டாலும் லாபம்தான் என்பதை மேலே போட்ட கணக்கைக் காட்டியே சொல்லலாம். நாலு குடித்தன வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீணாகப் போவது 4,990 ரூபாய். ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட முப்பதாயிரம்.

ஓனர் மறுத்தால்

மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இணைப்பு கேட்கும் உரிமையை உரிமையாளருக்கு மட்டும் தரவில்லை. குடியிருப்பவருக்கும் சேர்த்தே தருகிறது. தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பும் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஓனர் சம்மதித்தால் அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் போதும். அவர் ஊரில் இல்லை, அல்லது கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால், சட்டப்படி அங்கே குடியிருப்பதற்கான ஆதாரத்தையும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். வைப்புத்தொகை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். 2022 மே 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் இந்திரா பானர்ஜி, வி. ராமசுப்பிரமணியன் அமர்வு திலீப் எதிர் சதீஷ் வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கியது. மின்சாரம் அடிப்படை வசதி. வீட்டு ஓனர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதைக் காரணம் காட்டி வாடகைக்காரருக்கு இணைப்பை மறுக்க முடியாது. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும் மின் வாரியம் பார்த்தால் போதும்.

வாரியத்தின் ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்) ஆபீஸில் இதைச் சொன்னதும் இணைப்பு கைக்கு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓனர் கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தைப் பார்த்ததும் தயங்கும் மேஜைகள் உண்டு. வாய்ப்பேச்சாக 'முடியாது' என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுக்கக் கை வராது.

பில்லைப் பற்றிக் கேள்வி கேட்டதற்காக ஃபியூஸைப் பிடுங்கும் ஓனரும் இருக்கிறார். அதற்கு எதிராகத்தான் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு நிற்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவைகளை ஓனர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அவர் உடனே மீட்டுத் தரும்படி இடைக்கால உத்தரவு போட முடியும். அதே சட்டத்தின் அட்டவணை, சுவருக்குள் போகும் ஒயரிங்கைப் பராமரிப்பது ஓனர் பொறுப்பு, ஸ்விட்ச், சாக்கெட் ரிப்பேர் குடித்தனக்காரர் பொறுப்பு என்று பிரித்திருக்கிறது. ஒயரில் கசிந்து ஓடிய யூனிட் யார் கணக்கு என்ற வாதத்துக்கு அந்த ஒரு வரி உதவும்.

நெய்வேலிக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் நகர்ப்புறத்தை மனதில் வைத்து எழுதியது. மந்தாரக்குப்பம் இருக்கும் கங்கைகொண்டான் பேரூராட்சிக்கு ஒரு நிலை, கேட்டுக்கு வெளியே ஊராட்சி எல்லையில் இருக்கும் தெருக்களுக்கு இன்னொரு நிலை. பார்க்க நகரம் போல இருப்பதால் எல்லாம் நகரமாகிவிடாது. வீட்டு வரி ரசீதில் பேரூராட்சியா ஊராட்சியா என்று பார்த்துவிட்டு மனுவைத் தயார் செய்யுங்கள். ஊராட்சி என்றால் கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கேட்கலாம். நீதிமன்றத்துக்குப் போகாமலே சமரசமாக முடித்துக்கொள்ள அங்கே வழி உண்டு. கரண்ட் பில் தகராறுக்கு அதுவே தோது.

தனி மீட்டர் இருந்து, தகராறு வாரியத்தோடு என்றால் பாதை வேறு. இணைப்பு ஓனர் பெயரில் இருந்தாலும், அங்கே குடியிருந்து மின்சாரம் பெறுபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான். முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார், கூடவே மின்னகம் எண் 94987 94987. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகம் இருந்தால் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். வழக்குப் போய்க்கொண்டிருக்கும்போது கரண்டை வெட்டிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். கேட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரியையோ ஆட்சேபத்தோடு கட்டிவிட்டால் துண்டிக்கக் கூடாது என்று 56-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் சப் மீட்டர் சண்டையை இந்த மன்றங்களுக்குக் கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாரியத்துக்குத் தெரிந்தது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தன் மீட்டர் மட்டும்தான். ஓனர் கடையில் வாங்கி மாட்டிய சப் மீட்டருக்கு அது பொறுப்பில்லை. அந்தச் சப் மீட்டரை யாரும் சோதித்து முத்திரை வைத்ததும் கிடையாது.

அது வரைக்கும்

தனி இணைப்பு வரும் வரைக்கும் ஒரே மீட்டரில் வாழ வேண்டியவர்களுக்கு நியாயமான பங்கு என்பது ஒரே ஒரு வகுத்தல். வாரியம் போட்ட மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் விலையை உங்கள் யூனிட்டால் பெருக்க வேண்டும். முதலில் பார்த்த வீட்டில் 2,880-ஐ 600-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. மாடிக்கு 1,440, கீழ் வீட்டுக்கு 1,440. எட்டு ரூபாய் எங்கே, 4.80 எங்கே!

மொத்த பில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே என்பீர்கள். வெள்ளை அட்டையைக் கேட்டால் சில ஓனர்கள் முகம் மாறும். கேட்க வேண்டாம். மீட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் சர்வீஸ் நம்பரைக் குறித்துக்கொண்டால், வாரியத்தின் இணையதளத்தில் அந்த இணைப்பின் பில்லைப் பார்க்கலாம். பணம் கட்டும் பக்கத்திலேயே தெரியும். பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த தடவை நானே ஆன்லைன்ல மொத்தமா கட்டிடறேன், உங்க பங்கை வாடகையில கழிச்சுக்குறேன்" என்று சொல்லிப் பாருங்கள். குற்றம் சாட்டாமல் கணக்கை மேஜைக்குக் கொண்டுவரும் வழி இது. ஆனால் ஓனர் ஒத்துக்கொள்ளாமல் நீங்களாக வாடகையில் கழித்தால் அது வாடகை பாக்கி ஆகிவிடும். அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்.

பேச்சு முறிந்தால், மறுக்காத தொகையைக் கட்டிவிட்டு மீதிக்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். எந்தத் தேதி ரீடிங், முந்தைய ரீடிங் எவ்வளவு, யூனிட்டுக்கு எந்தக் கணக்கில் எத்தனை ரூபாய் என்ற மூன்றுக்கும் பதில் கேட்டால் போதும். பணத்தை ஜிபே-யில் அனுப்பும்போது 'மார்ச், ஏப்ரல் மின்சாரம், 300 யூனிட்' என்று குறிப்பு போட்டு அனுப்புங்கள். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி கிடையாது.

புதிதாகக் குடி போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட வேண்டும். எத்தனை மீட்டர், உங்கள் போர்ஷனுக்கு எது, மோட்டார் எதில் ஓடுகிறது என்று கேட்டு, சாவி வாங்கும் அன்றே ரீடிங்கைப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளிலும் அதே போல ஒரு படம் வேண்டும். வாரியத்தின் ரீடிங் நாளும் நீங்கள் காலி செய்யும் நாளும் ஒன்றாக அமையாது. 'கடைசி பில் வந்ததும் பார்த்துக்கலாம்' என்று அட்வான்ஸில் ஐயாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வழக்கம். அன்றைய ரீடிங்கோடு, அது வரை ஓடிய யூனிட்டுக்கு மேலே சொன்ன வகுத்தலைப் போட்டு, தொகையை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், அட்வான்ஸ் பணத்தை அன்றே எண்ணி வாங்கிவிடலாம்.